ஸ்டார்ட் ஆச்சு... ஏறலையே!

கிரீஸ் கை - வாராவாரம் ஒரு ரிப்பேர், ஒரு பாடம்



இந்த வாரக் கதையில் ஒரு குற்றவாளி இருக்கான். யாருன்னு கடைசியில சொல்றேன்னு சஸ்பென்ஸ் எல்லாம் வைக்கப் போறதில்லை. நான்தான். கூட என் கிளாஸ்மேட் ஒருத்தன்.

முதல்ல கேஸ். ஒரு 100 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி. புகை தள்ளுதுன்னு ஹெட்டை இறக்கி, சிலிண்டரை ரீபோர் பண்ணி, புது பிஸ்டன், புது ரிங், புது கேஸ்கெட், வால்வ் கிரைண்டிங்... எல்லாம் முடிச்சு மாட்டியாச்சு. கிக் அடிச்சா ஸ்டார்ட் ஆகுது. புகை சுத்தமா இல்லை. ஆனா இழுவை? பழைய புகை வண்டியே தேவலைங்கிற மாதிரி! கம்ப்ரஷன் கேஜ் வெச்சா முள் பாதியிலேயே நின்னுடுது. தப்பு எங்கே?

உங்க ஊர் சமவெளின்னா இதை நாலு நாள் இழுத்தடிச்சு யோசிக்கலாம். நாங்க இருந்தது கொல்லிமலையில். 70 கொண்டை ஊசி வளைவு இருக்கிற மலை!

லீவுல ஒரு வீர சாகசம்

நண்பனோட வீடு சோளக்காடு பக்கம். மிளகுக் கொடி ஏறின மரங்கள், பலா, வாழைன்னு சுத்தியும் பச்சை. அவங்க அப்பாவுக்கு அந்த வண்டிதான் கை, கால் எல்லாம். மிளகு மூட்டையோ வாழைத்தாரோ, சந்தைக்குப் போகணும்னா அதுதான் போகணும். செமஸ்டர் லீவு விட்டதும் நம்மாளு வீட்ல ஒரு வார்த்தை விட்டான் பாருங்க... "மெக்கானிக் எதுக்குப்பா? நாங்க மெக்கானிக்கல் மூணாவது வருஷம். நாங்களே பண்ணிடறோம்!"

அப்பா எங்க ரெண்டு பேரையும் ஒருமுறை மேலேயும் கீழேயும் பார்த்தார். மிளகு வித்த காசுல கொஞ்சம் எண்ணிக் கொடுத்தார். "பார்த்துப் பண்ணுங்க தம்பி. வண்டி இல்லாம எனக்கு ஒரு வேலையும் ஆகாதுங்க" என்றார். அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஒரு கேள்வி கேட்கலை. அந்த நம்பிக்கைதான் பின்னாடி எங்க தூக்கத்தைக் கெடுத்துச்சு.

சிலிண்டரைத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறி நாமக்கல் போனோம். லாரிக்குப் பேர் போன ஊர், லேத் பட்டறைக்குச் சொல்லவா வேணும்? ஒரு பட்டறையில ரீபோர் போட்டு, புது பிஸ்டன் கிட் வாங்கிக்கிட்டு மலையேறினோம். மறுநாள் திண்ணையில சாக்கு விரிச்சு அசெம்ப்ளி. பாதி வேலையில மழை பிடிச்சுக்கிச்சு. வெளிச்சம் வேற போயிடுச்சு. செல்போன் டார்ச்சுல மீதியை முடிச்சோம். ஸ்டார்ட் ஆனதும் ரெண்டு பேரும் கட்டிப்பிடிக்காத குறை!

அடுத்த நாள் காலையில டெஸ்ட் டிரைவ். நாலஞ்சு வளைவு இறங்கிட்டுத் திரும்பி ஏறினோம். இறங்கும்போது எல்லாம் சூப்பர். ஏறும்போது ரெண்டாவது கியர்லயே திணற ஆரம்பிச்சது. முதல் கியர் மாத்தினோம். வளைவோட உள்பக்கத்துல ஏத்தம் செங்குத்தா இருக்குமே, அங்கே போய் இன்ஜின் 'பொக்'னு நின்னுச்சு. வண்டி பின்னாடி உருளுது. பின்னாடி பஸ் ஹாரன் கேட்குது. நான் குதிச்சு வண்டியைப் பிடிக்க, அவன் ரெண்டு காலையும் ஊன்ற... டிரைவர் அண்ணன் முன்கூட்டியே பஸ்ஸை நிறுத்தியிருந்தார், பிழைச்சோம். எங்களுக்குப் பதிலா மூட்டையோட அப்பா இருந்திருந்தா? அந்த நினைப்பு வந்ததும் கை நடுங்கிடுச்சு.

'லேத்காரர்தான் மச்சி!'

வண்டியைத் தள்ளிக்கிட்டு வீடு வந்தோம். காலேஜ் சீனியர்கிட்ட இரவல் வாங்கி வந்திருந்த கம்ப்ரஷன் கேஜை பிளக் ஓட்டையில மாட்டி கிக் அடிச்சோம். 70 பிஎஸ்ஐ! இதே மாடல் வண்டி ஒண்ணை, இதே கேஜால, ஹாஸ்டல்ல ஒருநாள் அளந்திருக்கோம். அங்கே 150 காட்டுச்சு.

உடனே நான் தீர்ப்பு சொல்லிட்டேன். "ரிங் உட்காரலை. லேத்காரர் போரை லூஸா போட்டுட்டார் மச்சி. நாளைக்குப் போய் நல்லா கேட்டுடணும்!" நண்பனும் தலையாட்டினான். ஹெட் போல்ட்டுல ஸ்பேனரை வெச்சுட்டோம்.

அப்போ வந்து சேர்ந்தார் செம்மேட்டுல ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கிற ஒரு அண்ணா. அப்பாதான் சொல்லி அனுப்பியிருக்கார். வந்தவர் முதல்ல கேட்டது, "எதுக்குங்க தம்பி கழட்டறீங்க?"

"கம்ப்ரஷன் இல்லைங்கண்ணா."

"அது சரிங்க... எங்கே போச்சுன்னு தெரிஞ்சுதுங்களா?"

பதில் இல்லை. தெர்மோ பேப்பர்ல முழிச்சதைவிட அதிகமா முழிச்சோம்.

முதல்ல அளவையே அள!

அண்ணா கேஜைக் கையில வாங்கினார். "ஆக்சிலேட்டரை முழுசா முறுக்கிப் பிடிச்சீங்களா?" இல்லை! த்ராட்டில் மூடியிருந்தா கார்புரேட்டர் வழியா காத்து உள்ளே வர்றதே கொஞ்சம்தான். உள்ளே வராத காத்தை பிஸ்டன் எப்படி அமுக்கும்? சோக்கை எடுத்துவிட்டு, இக்னிஷனை ஆஃப் பண்ணி, த்ராட்டிலை முழுசா திறந்து, முள் ஏறி நிக்கிற வரைக்கும் கிக் அடிச்சோம். 70 இப்போ 100 ஆச்சு. ஒரு நட்டுகூட கழட்டாம 30 பிஎஸ்ஐ லாபம்!

இன்னொரு விஷயமும் இங்கே இருக்கு. 100 சிசி இன்ஜின்ல அமுக்க விகிதம் 9-க்கு 1 இருக்குன்னு வெச்சுக்கோங்க. பிஸ்டன் உச்சியில இருக்கும்போது மிச்சமிருக்கிற இடம் வெறும் 12.5 சிசி. கேஜோட அடாப்டர்ல 3 சிசி காலி இடம் இருந்தா அந்த 12.5, 15.5 ஆயிடும். விகிதம் 9-லேர்ந்து ஏழரைக்கு இறங்கிடும். கார் இன்ஜினுக்கு இது பெரிய விஷயமே இல்லை, சின்ன இன்ஜினுக்கு இது பெரிய ஓட்டை! அதனால ஒரு கேஜ் காட்டற நம்பரை இன்னொரு கேஜ் நம்பரோட ஒப்பிடாதீங்க. ஒரே கேஜ், ஒரே மாடல் வண்டி. அதுதான் நியாயமான பரீட்சை.

மலை தின்ன பிஎஸ்ஐ

"சரிங்கண்ணா, 100. ஆனா 150 வேணுமே?" என்றேன்.

அண்ணா பதில் சொல்லாம பக்கத்து வீட்டு வண்டியைத் தள்ளிக்கிட்டு வரச் சொன்னார். அதே மாடல், நல்லா ஓடற வண்டி. எங்க கேஜையே போட்டு அளந்தோம். 132! 

"மேலே வந்தா முள் இறங்கித்தாங்க காட்டும்" என்றார் சிம்பிளா. நான் அன்னிக்கு ராத்திரி நோட்டுல கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடல் மட்டத்துல காத்தழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. 200 மீட்டர் உயரத்துல இருக்கிற நாமக்கல் பக்கம் 14.3 சொச்சம். 1,200 மீட்டர் உயரத்துல 12.7 வாக்கில். உள்ளே போற காத்தே பத்து சதவீதத்துக்கு மேல இளைச்சுப் போச்சுன்னா, அமுக்கினப்புறம் வர்ற அழுத்தமும் அதே விகிதத்துல இளைக்கும். கேஜ் காட்டறது வெளிக்காத்துக்கு மேல இருக்கிற அழுத்தத்தை மட்டும். அதனால 150 கூட 14.3 கூட்டி, 12.7/14.3-ஆல பெருக்கி, கடைசியில 12.7 கழிச்சா, வருது 133! பக்கத்து வீட்டு வண்டி காட்டினது 132. என் வாழ்க்கையில ஒரு தெர்மோ கணக்கு சரியா வந்தது அன்னிக்குத்தான் பாஸ்!

ஆக, மலையில நாங்க தேட வேண்டிய நம்பர் 150 இல்லை, 132. காணாமப் போனது 50 இல்லை, சுமார் 30. ஆனா அந்த 30 நிஜமாவே காணோம்.

காதைக் கொடு, காத்து சொல்லும்

அடுத்து டேப்பெட். ஹெட் வேலை முடிச்சதும் கம்ப்ரஷன் போறதுக்கு ரொம்ப மலிவான காரணம் இதுதான். வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவுல மெல்லிசா ஒரு இடைவெளி இருக்கணும். அதை இறுக்கிட்டா வால்வ் முழுசா மூடாது. இன்ஜின் ஆறினப்புறம், பிஸ்டன் உச்சிக்கு வந்து ரெண்டு வால்வும் மூடியிருக்கிற நிலையில ராக்கரை ஆட்டிப் பார்த்தோம். லேசா ஆடிச்சு. ஃபீலர் கேஜும் ஓ.கே. சொல்லிச்சு.

அடுத்து எண்ணெய் டெஸ்ட். பிளக் ஓட்டை வழியா ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்கணும். ரிங் பக்கம் ஓட்டை இருந்தா எண்ணெய் அதை அடைச்சு முள் சட்டுனு ஏறும். வால்வ்லயோ கேஸ்கெட்லயோ லீக்னா எண்ணெயால ஒண்ணும் ஆகாது, முள் அப்படியேதான் இருக்கும். எங்களுக்கு 100, 104 ஆச்சு. அவ்வளவுதான். ஆனா ஒரு எச்சரிக்கை. சிலிண்டர் படுத்த மாதிரி இருக்கிற இன்ஜின்ல எண்ணெய் கீழ்ப்பக்கமே தேங்கிடும். ரிங்கைச் சுத்தி முழுசா பரவாது. அதனால இந்த ஒரு டெஸ்ட்டை மட்டும் நம்பி ரிங் நல்லா இருக்குன்னு சத்தியம் பண்ணக் கூடாது. எண்ணெயைக் கொட்டிட்டீங்கன்னா இடமே குறைஞ்சு பொய்யாவும் ஏறும்.

அப்புறம்தான் அண்ணா பையிலேர்ந்து ஒரு 'ஆயுதம்' எடுத்தார். பழைய ஸ்பார்க் பிளக்கோட பீங்கானை உடைச்செடுத்துட்டு, அந்த இடத்துல டயர் டியூப் வால்வைப் பத்த வெச்சு செஞ்சது. பிளக் இடத்துல அதைத் திருகி, காத்தடிக்கிற பம்பை மாட்டி, பிஸ்டன் உச்சியில இருக்கும்போது காத்தை ஏத்தணும். பிஸ்டன் கொஞ்சம் தள்ளி இருந்தாலும் காத்து அதைத் தள்ளி இன்ஜினைச் சுத்திவிட்டுடும். அதனால கியர்ல போட்டு பின்பிரேக்கை மிதிச்சுக்கணும், கிக்கர் பக்கம் காலே இருக்கக் கூடாது.

இப்போ காதுதான் ஸ்கேன் மெஷின். சைலன்சர்ல 'உஸ்'னு கேட்டா எக்ஸாஸ்ட் வால்வ். கார்புரேட்டர்ல கேட்டா இன்லெட் வால்வ். ஆயில் ஊத்தற மூடியைத் திறந்து அங்கே பலமா கேட்டா ரிங். ஹெட் ஜாயின்ட்ல சோப்புத் தண்ணி தடவி நுரை கிளம்பினா கேஸ்கெட். ஆயில் ஓட்டையில மெல்லிசா ஒரு 'உஸ்' நல்ல இன்ஜின்லயும் கேட்கும், ரிங்குக்கு வாய் இடைவெளி உண்டில்லையா? அதுக்குப் பயப்பட வேண்டாம்.

எங்க வண்டியில அந்த மெல்லிய 'உஸ்' மட்டும்தான். சைலன்சர் கப்சிப். கார்புரேட்டர் கப்சிப். நுரையும் இல்லை.

ஓட்டையே இல்லை! ஆனா கம்ப்ரஷனும் இல்லை!

ஓட்டை இல்லைன்னா...

"பானையில ஓட்டை இல்லைங்க. ஆனா தண்ணி நிறையலை. அப்படின்னா என்னங்க அர்த்தம்?" அண்ணா கேட்டார்.

நண்பன்தான் முதல்ல பிடிச்சான். "ஊத்தற நேரம் தப்பு!"

இதை மட்டும் நிதானமா படிங்க. பம்ப் வெச்சு நாம பார்க்கிறது பிஸ்டன் உச்சியில நிக்கிறப்ப. அந்த நேரம் ரெண்டு வால்வும் மூடித்தான் இருக்கும். ஆனா ஓடும்போது கதையே வேற. பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே வர ஆரம்பிச்சதும், இன்லெட் வால்வ் ஒரு குறிப்பிட்ட நேரத்துல மூடணும். அது லேட்டா மூடினா, உள்ளே வந்த காத்துல ஒரு பங்கை பிஸ்டனே வந்த வழியே வெளியே தள்ளிடும். மிச்சத்தைத்தான் அமுக்கும். ஓட்டை இல்லாம கம்ப்ரஷன் போறது இப்படித்தான். ஆக, காத்து டெஸ்ட்ல பாஸ், கேஜ் டெஸ்ட்ல ஃபெயில்னா முதல் சந்தேகம் டைமிங் செயின் மேல!

ஹெட் பக்கவாட்டுல இருக்கிற வட்ட மூடியை மட்டும் கழட்டினோம். மேக்னெட்டைக் கையால சுத்தி 'டி' குறியை நேரா நிறுத்தினோம். கேம் ஸ்ப்ராக்கெட்டோட குறி அதுக்கான வெட்டுக்கு நேரா நிக்கணும் இல்லையா? நிக்கலை. ஒரு பல் பின்தங்கி நின்னுச்சு!

ஒரு பல்தானேன்னு நினைக்காதீங்க. கேம் ஸ்ப்ராக்கெட்டுக்கு 28 பல்லுன்னா ஒரு பல் கிட்டத்தட்ட 13 டிகிரி. கேம் ஒரு சுத்து சுத்த கிராங்க் ரெண்டு சுத்து சுத்தும். ஆக, கிராங்க் கணக்குல சுமார் 26 டிகிரி லேட்! காலேஜுக்குப் பத்து நிமிஷம் லேட்டா போனா அட்டெண்டன்ஸ் போகுது, இங்கே கம்ப்ரஷன் போச்சு.

எப்போ நடந்துச்சுன்னு யோசிச்சோம். அந்த மழை நேரம். நான் ஸ்ப்ராக்கெட் போல்ட்டை டைட் பண்ண, நண்பன் டார்ச்சைப் பிடிச்சிருக்க, மேக்னெட் லேசா நகர்ந்திருக்கு. செயின் ஒரு பல் தாவியிருக்கு. மாட்டி முடிச்சதும் மேக்னெட்டை ரெண்டு சுத்து கையால சுத்தி, குறி ரெண்டும் மறுபடி நேரா வருதான்னு பார்க்கணும். அரை நிமிஷ வேலை. அந்த அரை நிமிஷத்தைத்தான் நாங்க மிச்சம் பிடிச்சோம்.

ஹெட்டை இறக்காமலே டென்ஷனரைத் தளர்த்தி, ஸ்ப்ராக்கெட்டைச் சரியான பல்லுல மாட்டினோம். ரெண்டு சுத்து சுத்தி, குறியைப் பார்த்து, டேப்பெட்டையும் மறுபடி பார்த்தோம். கேஜ் காட்டினது 121. மீதி? புது ரிங் போர்ல தேய்ஞ்சு படியற வரைக்கும் கொஞ்சம் குறைவாத்தான் இருக்கும். 500 கிலோமீட்டர் பாரம் ஏத்தாம, ஒரே வேகத்துல பிடிக்காம ஓட்டச் சொன்னார் அண்ணா. அடுத்த லீவுல போய் அளந்தேன். 130!

உங்க பாக்கெட்டுக்கு ஒரு சீட்டு

வேலை முடிச்ச வண்டியில கம்ப்ரஷன் இல்லையா? இந்த வரிசையில போங்க. காசில்லாத டெஸ்ட் முதல்ல, கழட்டற டெஸ்ட் கடைசியில.

1. த்ராட்டில் முழுசா திறந்து அளந்தீங்களா? அதே மாடல் நல்ல வண்டியை அதே ஊர்ல, அதே கேஜால அளந்து பார்த்தீங்களா?

2. டேப்பெட் இடைவெளி சரியா?

3. டைமிங் குறி ரெண்டும் நேரா இருக்கா? ரெண்டு சுத்து சுத்தினப்புறமும் இருக்கா?

4. எண்ணெய் விட்டா முள் ஏறுதா?

5. காத்தேத்தினா சத்தம் எங்கே கேட்குது?

6. இதுக்கெல்லாம் அப்புறம்தான் ஸ்பேனர். கழட்டினா, கேஸ்கெட் உட்கார்ற முகத்துல பழைய கேஸ்கெட் துணுக்கு ஒட்டியிருக்கா, ஹெட் போல்ட்டை எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா இறுக்கினீங்களா, ரிங்கோட குறி மேல்பக்கம் பார்க்குதா, ரிங் வாய் எல்லாம் ஒரே நேர்கோட்டுல நிக்குதா, மாட்டும்போது ரிங் உடைஞ்சிருக்கான்னு பாருங்க.

பழைய டிவிஎஸ் எக்ஸ்எல், யமஹா ஆர்எக்ஸ் 100 மாதிரி டூ ஸ்ட்ரோக் பார்ட்டிகளுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு இந்த வால்வும் கிடையாது, டைமிங் செயினும் கிடையாது. பிஸ்டன் பள்ளத்துல ஒரு சின்ன பின் இருக்கும், ரிங்கோட வாய் அதுலதான் உட்காரணும். பிஸ்டன் தலையில இருக்கிற அம்பு எக்ஸாஸ்ட் பக்கம் பார்க்கணும். இந்த ரெண்டுலயும், ஹெட் கேஸ்கெட்லயும்தான் உங்க தேடல்.

கடைசியா ஒண்ணு...

வேலை முடிஞ்ச அன்னிக்கு அண்ணா காசு வாங்க மாட்டேன்னுட்டார். டீ மட்டும் குடிச்சார். கிளம்பும்போது, "போர் நல்லாத்தாங்க போட்டிருக்காங்க" என்றார். எனக்குச் சுருக்னுச்சு. மறுநாள் விடிஞ்சிருந்தா நாங்க நாமக்கல் போய், ஒழுங்கா வேலை செஞ்ச ஒரு மனுஷனை அவர் பட்டறையிலேயே வெச்சு, நாலு பேர் முன்னாடி சத்தம் போட்டிருப்போம். எங்க கையில இருந்த ஆதாரம்? தப்பா அளந்த ஒரு நம்பர்!

ரிப்பேர் முடிஞ்ச உடனே வர்ற கோளாறுக்கு முதல் சந்தேகம் கடைசியா கை வெச்சவன் மேலதான் வரணும். கடைசியா கை வெச்சது நாங்க. ஆனா அடுத்தவன் கையைக் காட்டறதுதான் எங்களுக்குச் சுலபமா வந்துச்சு.

அப்பாகிட்ட நடந்ததை மறைக்காம சொன்னோம். திட்டுவார்னு பார்த்தோம். வண்டியை எடுத்தார், ஒரு மூட்டையைப் பின்னாடி கட்டினார், சந்தைக்குக் கிளம்பினார். ஏத்தத்துல வண்டி இறங்காத சத்தத்தோட போறது, வளைவு தாண்டி மறையற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தது. நாங்க ரெண்டு பேரும் திண்ணையில உட்கார்ந்து, அவர் திரும்பி வர்ற வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை.

உங்க வண்டியும் ஏதாவது முரண்டு பிடிக்குதா? கழட்டறதுக்கு முன்னாடி எழுதுங்க. கழட்டினப்புறம்னா, நட்டு எல்லாத்தையும் ஒரு டப்பாவுல பத்திரமா போட்டு வெச்சுட்டு எழுதுங்க!

அடுத்த வாரம் கிரீஸ் கையோட சந்திப்போம்!